பத்து வாட் போதுமா?

(கோயம்புத்தூரில் மோட்டார் சைக்கிள் பயணிகளும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இப்போது தூக்கிக் காட்டும் இந்தக் கையில்லா ஜாக்கெட்டை இணையக் கடைகளில் 'ஹீட்டட் வெஸ்ட்' என்று விற்கிறார்கள். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின். உள்ளே கார்பன் இழைத் தகடுகளைத் தைத்திருக்கிறார்கள். பைக்குள் ஒரு யூஎஸ்பி வால் தொங்குகிறது. பவர் பேங்கை அதில் செருகி, மார்பில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும், ஐந்து நிமிடத்தில் முதுகு கதகதக்கும். லடாக், ஸ்பிதி என்று கிளம்புகிறவர்கள் பலர் இதை வாங்கி மூட்டையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். திரும்பி வந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "இது மட்டும் இல்லையென்றால் பாதி வழியில் திரும்பியிருப்பேன்" என்பது ஒரு கட்சி. "சுத்த ஏமாற்று வேலை, போட்டதே தெரியவில்லை" என்பது இன்னொரு கட்சி. ஒரே பொருள், ஒரே கணவாய், ஒரே மாதம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் கூடியிருக்கிறோம்.

முதலில் குளிரின் அளவைப் பிடித்துக்கொள்வோம். லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே வெகுகாலம் நின்ற மஞ்சள் பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது. உண்மையில் அது 17,582 அடிதான். பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் மனம் வருந்த வேண்டாம், ஏறியது ஏறியதுதான். நமக்கு வேண்டியது வித்தியாசம்: லேவிலிருந்து கணவாய் வரை ஏறக்குறைய 1,860 மீட்டர். இந்த ஏற்றம் நமக்குப் புதிதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுகிற ஏற்றமும் கிட்டத்தட்ட இதேதான், ஒரு ஐம்பது மீட்டர் கூடவே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக, லேவில் காலை பத்து டிகிரி என்றால் கார்துங் லாவில் மைனஸ் இரண்டு என்று எதிர்பார்க்கலாம். செப்டம்பரில் இது சாதாரணம்.

மைனஸ் இரண்டு என்பது நின்றுகொண்டிருப்பவனுக்கு. வண்டியில் போகிறவனுக்குக் காற்று வேறு கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில், ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். 1945-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீர் டப்பாவுக்குப் பதிலாக மனித முகத்தை வைத்துக் கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் சூத்திரத்தைத் திருத்தின. அந்தச் சூத்திரத்தில் மைனஸ் இரண்டையும், மணிக்கு நாற்பது கிலோமீட்டரையும் போட்டால் கிடைப்பது மைனஸ் பத்து. பூஜ்யம் டிகிரியில் அறுபதில் போனால் மைனஸ் ஒன்பது. உங்கள் பெட்ரோல் டேங்க் மைனஸ் ஒன்பதுக்குப் போய்விடாது. அது பூஜ்யத்தோடு நின்றுவிடும். திறந்திருக்கும் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான எண் இது. ஐயாயிரம் மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல் என்பதால், உண்மையில் அங்கே காற்று இந்த அளவுக்குச் சூட்டைப் பறிக்காது. ஆனால் அந்தச் சலுகையைக் கொடுக்கிற மலையே ஆக்சிஜனில் பிடித்தம் செய்துகொள்கிறது.

இப்போது மனிதனின் வரவு செலவுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு சுமார் நூறு வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. வண்டி ஓட்டும்போது கொஞ்சம் கூடும்; நூற்றிருபது என்று வைத்துக்கொள்வோம். இது வரவு. செலவைக் கணக்கிட ஓர் அலகு இருக்கிறது, அதன் பெயர் 'கிளோ'. 1941-ல் காகி, பர்ட்டன், பாஸெட் என்ற மூன்று உடலியல் அறிஞர்கள் கொண்டுவந்தது. இருபத்தொரு டிகிரி அறையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் வசதியாக இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ, அது ஒரு கிளோ; கோட்டு சூட்டு போட்ட ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இந்த அரங்கில் போட்டிருக்கும் சட்டையும் பேண்ட்டும் அதில் பாதி தேறும்.

பூஜ்யம் டிகிரியில் இரண்டு கிளோ துணியோடு ஓர் ஆள் போகிறார். தோலின் சூடு முப்பத்து மூன்று, உடம்பின் பரப்பு 1.8 சதுர மீட்டர். வகுத்துப் பெருக்கினால் அவர் இழப்பது 190 வாட். வரவு 120. துண்டு விழுவது எழுபது வாட். அதே ஆள் மூன்று கிளோ துணியோடு போனால் இழப்பு 127 வாட்டுக்கு இறங்குகிறது. மூச்சு வழியாகப் போவதையும் சேர்த்தால் துண்டு விழுவது இருபது வாட்டுக்குள். முரட்டுக் கணக்குத்தான், ஆனால் முடிவு மாறாது.

இந்த வெஸ்ட் கொடுப்பது எவ்வளவு? ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியர், பத்து வாட். எழுபது வாட் பள்ளத்தில் பத்தைப் போட்டால் எங்கே விழுந்தது என்று தெரியாது. இருபது வாட் பள்ளத்தில் போட்டால் பாதி நிரம்பிவிடும். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் வெஸ்ட்டுக்கு மேலே அவர்கள் என்ன போட்டிருந்தார்கள் என்பதில் இருந்திருக்கிறது.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் வாங்குகிற ரைடிங் ஜாக்கெட் பெரும்பாலும் மெஷ் ஜாக்கெட், வலைத்துணி. நம் வெயிலுக்கு அதைத்தான் வாங்க முடியும், வேறு எதைப் போட்டாலும் புழுங்கிவிடும். அதே ஜாக்கெட்டோடு லடாக் போகிறோம். அதற்குள் ஹீட்டட் வெஸ்ட். காற்று வலையைத் துளைத்துக்கொண்டு வந்து, அந்தப் பத்து வாட்டையும் அள்ளிக்கொண்டு பின்னால் போகிறது. எத்தனை கிளோ துணி போட்டிருந்தாலும் காற்று உள்ளே நுழைந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, ஏனென்றால் குளிரைத் தடுப்பது துணி அல்ல, துணிக்குள் அசையாமல் மாட்டிக்கொண்டிருக்கும் காற்று. அது அசைந்தால் போச்சு. பரிகாரம் மலிவானது: மெஷ் ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு ரெயின்கோட். மழை வந்தால்தான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயக்காரர்கள் மலையுச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாளை வாங்கி, பனியனுக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள். அவர்களுக்குத் தெரிந்ததும் இதுதான்: நெஞ்சுக்கு முன்னால் காற்றை நிறுத்து.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல். அதன் மேல் ஹீட்டட் வெஸ்ட். அதன் மேல் ஃப்ளீஸோ, பஞ்சு வைத்த மெல்லிய ஜாக்கெட்டோ. பிறகு ரைடிங் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். பலர் வெஸ்ட்டை ஸ்வெட்டருக்கு மேலே போடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஸ்வெட்டர் உங்களை வெஸ்ட்டிலிருந்து பாதுகாக்கிறது. கழுத்துக்குக் குரங்குக் குல்லா. ஹெல்மெட்டுக்குள் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

வெஸ்ட் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் தகடு தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். இவற்றின் அளவுகள் நம் உடம்புக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. தையற்காரரிடம் கொடுத்துப் பக்கத் தையலைப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் வெஸ்ட்டை உள்புறம் திருப்பி, விரலால் தடவிப் பாருங்கள். தகடுகள் எங்கே, அவற்றை இணைக்கும் வயர் எந்தத் தையலோரமாக ஓடுகிறது என்று தெரியும். சாக்குக்கட்டியால் அந்தப் பாதையை வரைந்து கொடுத்துவிடுங்கள். ஊசி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

வாங்கும்போது இன்னொன்று. 'ஒன்பது இடத்தில் சூடு', 'பதினைந்து இடத்தில் சூடு' என்று விளம்பரம் வருகிறது. மின்சாரம் வருவது அதே ஒற்றை யூஎஸ்பி வழியாகத்தான். அதே பத்து வாட்டைப் பதினைந்தாகப் பிரித்தால் இடத்துக்கு ஒரு வாட் கூடத் தேறாது. நான்கைந்து தகடு, அதில் இரண்டு நெஞ்சு, வயிற்றுப் பக்கம், ஒன்று கழுத்தின் பின்புறம் என்றால் வாங்குங்கள்.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். அங்கே 1970களில் கார்டன் கெர்பிங் என்பவர், வாஷிங்டன் மாநிலத்தில் எந்திரப் பட்டறை வைத்திருந்தவர், மோட்டார் சைக்கிளில் வருபவர்களுக்காக மின்சார உடுப்புத் தயாரிக்கத் தொடங்கினார். இன்று அந்தப் பெயரில் விற்கும் உள்ஜாக்கெட் நேரடியாக வண்டியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. சுமார் 77 வாட் எடுக்கிறது. நாம் சற்று முன் போட்ட கணக்கில் இரண்டு கிளோ ஆளுக்குத் துண்டு விழுந்த எழுபது வாட் நினைவிருக்கிறதா? அவர்கள் துணியைக் குறைத்து மின்சாரத்தைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு அது கட்டுப்படியாகும். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியின் ஆல்டர்னேட்டர் 510 வாட். நம் 350, 400 சிசி வண்டிகளுக்கு அந்த வசதி கிடையாது. இருநூறு வாட்டைச் சுற்றித்தான் நிற்கிறோம். அதிலும் 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. பழைய ஹாலஜன் பல்பு என்றால் அதற்கே ஐம்பத்தைந்து வாட். 2020-ல் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தபிறகு பெட்ரோல் பம்ப் எந்நேரமும் ஓடுகிறது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ ஓடுகிறது, இக்னிஷன் இருக்கிறது, போன் சார்ஜர் இருக்கிறது. மிச்சம் இருப்பதில் 77 வாட்டைத் தூக்கிக் கொடுத்தால், மெதுவாக ஏறும் இடங்களில் பேட்டரி கரையத் தொடங்கும். அதனால்தான் சொல்கிறேன், நம் வண்டிக்கு வழி அதிகத் துணியும் குறைந்த வாட்டும்தான். விலை மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி இமயமலைக்குப் போகிற வண்டிகள் நிறைய. அவற்றுக்கு ஏற்ற ஏற்பாடு இது.

'நெஞ்சைச் சூடாக்கி என்ன பயன், எனக்கு விறைப்பது விரல் அல்லவா' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விரலின் தோல் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலைகள் தடுமாறத் தொடங்கும். எட்டு டிகிரியைத் தொட்டால் உணர்ச்சியே மரத்துவிடும். பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கை சொல்லாது. இது வசதிக் குறைவு மட்டும் அல்ல, விபத்து. ஆனால் விரல் விறைப்பதற்குக் காரணம் விரலில் மட்டும் இல்லை. நடு உடம்பு குளிர்கிறது என்று மூளைக்குத் தெரிந்ததும், தண்ணீர்ப் பஞ்சத்தில் கடைமடை வாய்க்காலின் மதகை அடைப்பது போல, கைகால்களுக்குப் போகும் ரத்தத்தை அது நிறுத்திவிடுகிறது. இதயமும் மூளையும் பிழைக்க விரல்களைப் பலி கொடுக்கிறது. நடு உடம்பில் சூடு மிச்சம் இருந்தால் மதகு திறக்கும். கனடாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சோதித்தார்கள். கடுங்குளிர் அறையில் ஆட்களை உட்காரவைத்து மார்பை மட்டும் சூடாக்கினார்கள். கையுறை இல்லாத கைகளும் இதமாகவே இருந்தன. அது பத்து வாட் விவகாரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் கொள்கை அதேதான்.

கைக்கு நேரடியாக எதுவும் செய்ய வேண்டாமா? செய்யலாம், ஆனால் மின்சாரம் இல்லாமல். டெல்லியிலும் பஞ்சாபிலும் குளிர்காலத்தில் டெலிவரி பையன்கள் ஹேண்டிலில் ஒரு பெரிய உறை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கம்பளி, வெளியே ரெக்சின்; கையை அதற்குள் நுழைத்துத்தான் ஓட்டுவார்கள். சாலையோரக் கடைகளில் சில நூறு ரூபாய். அழகு கிடையாது. சூடேறும் கிரிப் உள்ளங்கையைச் சுடவைக்கும், காற்று அடிப்பதோ புறங்கையில். இந்த உறை புறங்கையைக் காக்கிறது, ஒரு வாட் செலவில்லை. போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது உறை பிரேக் லீவரை அழுத்தக் கூடாது.

சரி, மின்சாரத்தைக் கொடுப்பது எப்படி? மிக எளிய வழி, வண்டியைத் தொடவே தொடாமல் பவர் பேங்கோடு நிறுத்திக்கொள்வது. பத்தாயிரம் எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, 37 வாட்-மணி. மாற்றுவதில் போகும் நஷ்டம் கழித்தால் முப்பதுக்குச் சற்று மேல். பத்து வாட்டில் மூன்று மணி நேரம். லேவிலிருந்து கார்துங் லா நாற்பது கிலோமீட்டர்தான், தாராளமாகப் போதும். பெரும்பாலானவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். பவர் பேங்கை ஜாக்கெட்டின் உள்பக்கம் வையுங்கள், குளிரில் அதன் சரக்கு குறையும். விழுந்தால் விலா எலும்பில் குத்தாத இடமாகப் பாருங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும். இரவு கூடாரத்தில் குளிர்ந்து கிடந்ததைக் காலையில் எடுத்தவுடனே சார்ஜரில் போடாதீர்கள். சில பவர் பேங்குகள், வெஸ்ட்டைக் குறைந்த சூட்டில் வைத்தால் 'எதுவும் செருகவில்லை போலிருக்கிறது' என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். ஊரிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் லே போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு வண்டியிலிருந்து மின்சாரம் வேண்டும். இங்கேதான் ஆபத்து. வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் இருப்பது பன்னிரண்டு அல்ல, பதினான்கு வோல்ட். வெஸ்ட்டின் தகடு வெறும் மின்தடை. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஆகும். ஐந்து வோல்ட் வெஸ்ட்டுக்குப் பதினான்கைக் கொடுத்தால் ஏறக்குறைய எட்டு மடங்கு. பத்து வாட் தகட்டில் 78 வாட். 7.4 வோல்ட்டுக்கென்று வரும் வெஸ்ட் என்றால் மூன்றரை மடங்கு. 'கொஞ்ச நேரம்தானே, நேரடியாகக் கொடுத்துப் பார்ப்போம்' என்ற எண்ணத்தை இந்த அரங்கிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நடுவில் வேண்டியது வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர். எல்எம் 2596 என்ற சில்லு பொருத்திய சின்ன அட்டை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நூறு ரூபாய்க்கு ஒட்டிக் கிடைக்கும். மூன்று ஆம்பியர் வரை என்று எழுதியிருக்கும், இரண்டுக்கு மேல் இழுக்காதீர்கள். அதன் மேல் ஒரு நீல நிறத் திருகு இருக்கும். வெஸ்ட்டை இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்து ஐந்து வோல்ட்டுக்குத் திருகி, பிறகு திருகின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள். இல்லாவிட்டால் கற்களில் குதித்துக் குதித்து அது தானாகவே திரும்பும். அட்டையைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தண்ணீர் புகாமல் அடைத்து, சீட்டுக்கு அடியில் வையுங்கள். லடாக்கில் நாலா என்று சொல்கிற ஓடைகள் சாலையைக் குறுக்கே கடக்கும், பிற்பகலில் பனி உருகி முழங்கால் அளவு வரும்.

இந்தக் கன்வர்ட்டர் பழுதானால் என்ன ஆகும்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. உள்ளே ஷார்ட் ஆனால் பதினான்கு வோல்ட்டும் அப்படியே வெஸ்ட்டுக்குப் போய்விடும். ஆனால் அளவு பாருங்கள். சரியாக ஓடும்போது பேட்டரியிலிருந்து இழுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. பழுதானால் ஐந்தரை ஆம்பியர். நடுவில் இரண்டு ஆம்பியர் பியூஸ் ஒன்று இருந்தால், அது எரிந்து வெஸ்ட் அணையும். பியூஸ் பெட்டியில் கையிலிருக்கிற பதினைந்து ஆம்பியரைப் போட்டால் அது ஒருபோதும் எரியாது, நீங்கள்தான் சூடாவீர்கள். பியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டாதீர்கள். பேட்டரியிலிருந்து தனியாக எடுத்து, சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் ரிலே வழியாகக் கொண்டுவாருங்கள். டீக்கடையில் நிற்கும்போது வெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால், குளிரில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பேட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்ற மறுக்கும். வயர் மெல்லியதாக இருந்தால் சூடு வயரிலேயே போய்விடும்: 0.2 சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஐந்து வோல்ட்டைக் கொண்டுபோனால் வெஸ்ட்டில் கிடைப்பது 4.4, கால் பங்கு சூடு காணாமல் போகும். ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

ஜாக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள கனெக்டர் இழுத்தால் கழன்று வருவதாக இருக்க வேண்டும். செக்போஸ்ட்டில் காகிதங்களைக் காட்ட இறங்கும்போது கண்டிப்பாக மறப்பீர்கள். உருளை வடிவ டிசி பிளக் தானாகக் கழலும். திருகிப் பூட்டும் வகை வேண்டவே வேண்டாம். வண்டி விழும்போது நீங்கள் வண்டியோடு கட்டுண்டிருக்கக் கூடாது.

சில கெட்டிக்காரர்கள் கன்வர்ட்டரே இல்லாமல் சூடேறும் 7.4 வோல்ட் கையுறைகள் இரண்டைத் தொடராக இணைத்துப் பதினான்கில் ஓட்டுகிறார்கள். கணக்கு சரியாக வருகிறது, கையுறைக்கு ஏழு வோல்ட். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் மைனஸ் நாற்பது டிகிரியில் பறந்தன. பக்கவாட்டுச் சன்னலில் துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு மின்சார உடுப்புக் கொடுத்தார்கள். எஃப்-1 என்ற ஆரம்ப உடுப்பில் எல்லாம் தொடர் இணைப்பு. ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தால் உடுப்பு முழுவதும் செத்தது. ஒரு காலகட்டத்தில் குண்டடி பட்டவர்களைவிடப் பனிக்கடி பட்டவர்கள் அதிகமாக இருந்தார்கள். பின்னால் வந்த உடுப்புகளில் பக்க இணைப்புக்கு மாறினார்கள். கையுறையில் கம்பி அறுவது அன்றாடம் நடப்பது, விரல் மடங்குகிற இடம் அல்லவா? ஒரு கை அறுந்தால் இரண்டு கையும் குளிரும் ஏற்பாட்டை நாமே எதற்குச் செய்துகொள்ள வேண்டும்? தவிர, பொத்தானும் விளக்கும் உள்ள கையுறைகளில் சின்ன மின்னணு அட்டை இருக்கும்; அதற்குத் தொடர் இணைப்பு ஒத்துவராது.

உடம்புக்கு வரக்கூடிய தீங்கையும் சொல்ல வேண்டும். சுடுவதற்குக் கொதிநீர் வேண்டியதில்லை. நாற்பத்து நான்கு டிகிரி சூடு ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும் என்று 1947-லேயே மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் காட்டியிருக்கிறார்கள். வெஸ்ட்டை வெறும் உடம்பில் போடாதீர்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்கள் காலுக்குச் சூடேறும் இன்சோல் வாங்கவே வேண்டாம், நல்ல கம்பளிக் காலுறை போதும். மூச்சுத் திணறல், தலைவலி, வாந்தி என்று வந்தால் அது உயரத்தின் வேலை. வெஸ்ட்டின் சூட்டைக் கூட்டிக்கொண்டு மேலே போகாதீர்கள், கீழே இறங்குங்கள்.

சோதனைக்கு லே வரை போக வேண்டியதில்லை. சனவரியில் விடியும் முன் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி உதகை ஏறுங்கள். தலைகுந்தா பக்கம் புல்லில் உறைபனி படிந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வண்டியை ஓட்டியபடி வோல்ட் மீட்டரைப் பாருங்கள். பதின்மூன்றரைக்கு மேல் நின்றால் கவலையில்லை. பதின்மூன்றுக்குக் கீழே இறங்கினால் எதையாவது கழற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, உரைக்கு முன்பே சீட்டில் எழுதி அனுப்பிய ஒரு கேள்வி. 'மனைவியும் பின்னால் வருகிறார், அவருக்கும் ஒன்று போதுமா?' பின்னால் உட்காருபவருக்குக் காற்று குறைவுதான், ஆனால் அவருக்கு வேலையும் இல்லை. கிளட்ச் பிடிப்பதில்லை, உடம்பைச் சாய்ப்பதில்லை, பல நேரம் தூங்கியே போவார். வரவு நூறு வாட்டோடு நின்றுவிடும். உங்களைவிட அவருக்குத்தான் முதலில் நடுங்கும். அவருக்குத் தனிக் கன்வர்ட்டர், தனிப் பியூஸ், தனி பிளக் கொடுங்கள். சுவிட்சும் அவர் கையிலேயே இருக்கட்டும். 'இப்போது போடவா, அணைக்கவா' என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே ஹேர்பின் வளைவில் திரும்புவது நல்லதல்ல.

வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெஸ்ட்டைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம், இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.